எடுக்காத பிடிமண்

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பண்ருட்டி மண்டியில் என்னைக் கேட்காமல் பலாப்பழத்துக்கு விலை சொல்ல மாட்டார்கள். முந்திரிக் கம்பெனி, மண் அடிக்க இரண்டு லாரி, மாடி வீடு எல்லாம் நானாக உண்டாக்கியவை. அப்படிப்பட்டவன், பிறந்த இடத்தைக் காட்டு என்று பேரன் கேட்டால், நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று காற்றைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் வீடும் கொல்லையும் இருந்த உயரத்தில் இப்போது பருந்து பறக்கிறது.

நிலக்கரி எடுக்க நிலம் கேட்டபோது, எங்கள் ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தர மாட்டோம் என்று ஒன்றாகத்தான் நின்றார்கள். அளக்க வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பெரியப்பாவும் போட்டார். அப்பா மட்டும் போடவில்லை. போடாவிட்டாலும் நிலம் போய்விடும் என்று தெரிந்த பிறகும் போடவில்லை.

காலி செய்யும் நாளில் சாமான் ஏற்ற லாரி வந்து நின்றது. நான் அதுவரை லாரியில் ஏறியதே இல்லை. டிரைவர் பக்கத்தில் இடம் பிடிப்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. அந்த நேரத்தில் பெரியப்பா ஒரு மஞ்சள் துணியோடு வந்தார். எங்கள் குலசாமி முனீஸ்வரன், கொல்லைப் பலாமரத்தடியில் இருந்தார். ஊர் மாறிப் போகிறவர்கள் சாமியின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிட்டால், சாமியும் கூடவே வந்துவிடும்.

“மண்ணத் தொடாதண்ணா. சாமி இங்கியே இருக்கட்டும்” என்றார் அப்பா.

“இருந்து இன்னா பண்ணும்? மிஷினு வந்தா மல்லுக்கட்டுமா?”

“சாமியையும் இட்டுக்கினு போயிட்டா, நெலத்த நாமளே வுட்டுட்டம்னு ஆயிடும். நான் வுடல.”

அம்மாவின் இடுப்பில் தங்கை இருந்தாள். “இதுக்கு இன்னும் முடி எறக்கலிங்களே. எங்க போயி எறக்கறது?” என்று கேட்டாள் அம்மா.

“இங்கதான்” என்றார் அப்பா.

“உங்கிட்ட பேசறதுக்கு அந்த மிஷினுகிட்ட பேசலாம்டா” என்று பெரியப்பா துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டு மனையில் முனீஸ்வரனுக்கென்று ஒரு மூலையை விட்டிருக்கிறேன். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பலாமரத்தடி மண்ணை வெட்டி எந்த மேட்டில் கொட்டினார்களோ, யாருக்குத் தெரியும்? எத்தனை லோடு மண் வேண்டுமானாலும் இன்று என்னால் அடிக்க முடியும். அந்த ஒரு பிடிதான் கிடைக்காது.

லாரி கிளம்பும் முன் அப்பா என்னைத் தூக்கி அதன் படியில் உட்கார வைத்தார். குடத்துத் தண்ணீரை ஊற்றி என் காலைக் கழுவினார். விரலிடுக்கில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்கூட விடாமல் நோண்டி எடுத்தார். பிறகு தானும் படியில் ஏறி நின்று, தன் காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டார். வீட்டுக்குள் வரும்போதுதான் எங்களைக் கால் கழுவச் சொல்வார். வீட்டை விட்டுப் போகும்போது கழுவியதை அன்றுதான் பார்த்தேன். லாரி அழுக்காகக் கூடாது என்று டிரைவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முத்தாண்டிக்குப்பம் தாண்டும்வரை காலைக் கீழே வைக்காமல், சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டே போனேன்.