நாற்பத்தொன்றாவது கம்பி

பதினோரு வருடமாகச் சில்லு வரைகிறேன். நகத்தைவிடச் சின்ன சிலிக்கான் துண்டு. அதில் ஒளி ஓட அறுபத்து நான்கு பாதைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி ஹீட்டர். எதை எவ்வளவு சூடாக்குகிறோமோ அதைப் பொறுத்து ஒளிக்கற்றை சொன்ன பக்கம் திரும்பும், மோட்டார் கீட்டார் எதுவும் வேண்டாம். அடுத்தவர் வரைந்ததைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். ஹீட்டருக்குப் போகும் கம்பி எங்காவது அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் கோட்டைவிடும், நான் விடமாட்டேன். ஆபீஸில் எனக்குக் கழுகு என்று பெயர். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

அப்புறம் அவன் வந்து சேர்ந்தான். எல்லோரும் ‘சமத்து’ என்று கொஞ்சும் ஆள். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, என் கற்றை இருபது டிகிரி திரும்பினால் அவனுடையது நாற்பது திரும்புமாம். அடுத்த சில்லு முழுக்க அவனுக்கே என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டுக்குப் போயும் அதே பேச்சுதான்.

“இன்னைக்கும் சமத்து புராணமா? பேசாம அவனைத் தத்தெடுத்துக்கோ,” என்றார் கணவர்.

ஃபேக்டரிக்கு அனுப்பும் முன் அவன் வரைந்த சில்லுப் படம் சரிபார்க்க என்னிடம் வந்தது. குறை தேடித்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. நாற்பத்தொன்றாவது கம்பி ஹீட்டரைத் தொடவே இல்லை; தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. சொன்னால் ஒரு நிமிட வேலை. நன்றாகப் படட்டும் அவன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்துச் சில்லு வந்தது. ஒரு ஹீட்டர் செத்தும் அவன் கற்றை சுவரில் ஜம்மென்று நாற்பது டிகிரி திரும்பியது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்த சமத்து, “ஃபேக்டரிக்காரங்க சொதப்பிட்டாங்க. படத்துல தப்பு இருந்தா அக்கா கண்ணுல படாம போயிருக்குமா?” என்றான். சொன்னதோடு நிற்காமல் காரசாரமாகப் புகாரும் எழுதிப் போட்டான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஃபேக்டரியிலிருந்து பதில் வந்தது. எங்கள் படத்தையே திருப்பி அனுப்பியிருந்தார்கள், இடைவெளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு. கீழே என் கையெழுத்து.

“என்னம்மா இது?” என்றார் மேனேஜர்.

சமத்து முந்திக்கொண்டான். “விடுங்க சார், வரைஞ்சது நான்தானே, தப்பு என்னோடது. அக்காவுக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல, பாவம். இனிமே செக்கிங் வேலையையும் நானே பாத்துக்கறேன்.”

பாவமா? நானா?

“என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல!” என்று கத்தினேன். “நாப்பத்தொண்ணுதானே? அன்னைக்கே பாத்துட்டேன்!”

அவன் சிவப்பு வட்டத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“பாத்தீங்களா?” என்றான்.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவன் ‘அக்கா’ என்று சொல்லவில்லை.