திங்கட்கிழமையைத் தொட்ட விரல்

அப்ப அந்த மாம்பழக் கலர் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்துப்போட்டீங்களா அம்மணி? குடுத்தாச்சா. இல்லைங்க, சும்மாதான் கேட்டேன். உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும். சித்தெ உக்காருங்க, இந்த வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே பேசறேன். உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும், ஒன்னு கேக்கோணும். ரெண்டுக்கும் நாக்கு வரமாட்டேங்குது. மண்டபத்துல இருந்தே ஆரம்பிக்கறேன்.

கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துக்குள்ள சமுதாயக் கூடம் இருக்குதுங்களே, நம்ம வீதிக்கு நீங்க குடிவந்ததே இப்பத்தான், அதனால தெரிஞ்சிருக்காது. அதோட சாவி இருவது வருசம் என்ற இடுப்புலதான் கெடந்துச்சு. பள்ளிக்கூடத்தைக் கூட்டற வேலை எனக்கு. மண்டபம் வேணும்ங்கறவங்க நேரா இங்க வருவாங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்ல, காலண்டர்ல கல்யாணம் காதுகுத்துன்னா மஞ்சப் பொட்டு, கருமாதின்னா கரிப் பொட்டு வச்சுருவேன். ஒரு நாளை ரெண்டு பேருக்குக் குடுத்ததே இல்லைங்க. ஒரே ஒருக்கா குடுத்துப்போட்டேன். ரெண்டு ஊட்டுக்காரங்களும் போத்தனூர் ரயில்வேக்காரங்க, சண்டை போடாம ஒட்டுக்கா ஒரே பந்தல்ல நடத்திட்டாங்க. அந்த ரெண்டு மாப்பிள்ளைகளும் இன்னைக்கும் என்னைக் கண்டா சிரிப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல புள்ளை பொறந்துச்சு, அது தனிக் கதை.

அப்பெல்லாம் ஒருத்தரு வந்து, "ஏனுங்கம்மா, திங்கக்கெழமை முகூர்த்தமுங்க"ன்னு சொன்னா, ஞாயித்துக்கெழமை மத்தியானமே சாவியைக் குடுத்துருவேன். முகூர்த்தம் வெடியக்காலம் நாலரைக்கு. மொத நாள் சாயந்தரமே மாப்பிள்ளை அழைக்கோணும், சீர் செய்யோணும், ஒரம்பரை சனம் படுத்தெந்திரிக்கோணும், சமையக்காரரு அடுப்பு மூட்டோணும். அதை யாரும் சொல்லமாட்டாங்க, நானும் கேக்கமாட்டேன். திங்கக்கெழமைன்னா ஞாயித்துக்கெழமையும் சேர்த்துத்தான். இதெல்லாம் ஒரு பேச்சா.

அப்பறம் ஒரு ஆபீசரு வந்து சாவியை வாங்கிக்கிட்டு, கதவுல நேரம் பாத்துத் தானாத் தொறக்கற நம்பர் பூட்டு மாட்டிட்டுப் போனாரு. "இனிமே எல்லாமே சாப்ட்வேர்ல பாட்டி. மைதானம், மண்டபம், வகுப்பு ரூம்பு, எது வேணும்னாலும் போன்லயே வாடகைக்கு எடுத்துக்கலாம்"னாரு. எனக்குச் சந்தோசந்தான். மூணு மணிக்கு எந்திரிச்சுப் போயி ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் கதவு தொறக்கற சோலி விட்டுதுன்னு இருந்தேன்.

பேத்திக்குச் சூலூர்ல மாப்பிள்ளை அமைஞ்சதும், என்ற மவன், "ஆத்தா, நம்ம மண்டபத்துலயே வச்சுருவோம்"னான். அவன் லாரியில கேரளாப் பக்கம் போயிருந்தான். மருமவ, "பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போங்கத்தை, அவளுக்குப் படிக்கத் தெரியும்"னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. "அந்த மண்டபத்தைப் பத்தி எனக்கே சொல்லித்தரையா"ன்னு கேட்டுப்போட்டு, நானே பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்க இருக்கற புள்ளை தங்கமான புள்ளைங்க.

"எந்த நாளுங்க பாட்டி?"

"திங்கக்கெழமை முகூர்த்தம் கண்ணு."

"முழு நாளா, அரை நாளா?"

"அரை நாள்ல எவன் கல்யாணம் பண்றான்?"

அந்தப் புள்ளை சிரிச்சுக்கிட்டே கம்ப்யூட்டரை எம் பக்கம் திருப்புச்சு. கட்டம் கட்டமா இருந்துச்சு. பச்சைன்னா காலி, செவப்புன்னா யாரோ எடுத்துட்டாங்கன்னு அர்த்தமாமா. எழுத்துத்தான் தெரியாது, கலரு தெரியும்ல. திங்கக்கெழமை பச்சை. அதுக்கு இந்தப் பக்கம் ஞாயித்துக்கெழமை, அதுவும் பச்சை. அம்மணி, நெசமாச் சொல்றேன், அதுவும் பச்சையாத்தான் இருந்துச்சு. "நீங்களே தொடுங்க பாட்டி, உங்க பேத்தி கல்யாணம்"னுச்சு. இந்த வெரல்லதான் தொட்டேன். திங்கக்கெழமையை மட்டும் தொட்டேன். மவன் போனுக்கு நம்பர் வந்துச்சு, கூப்புட்டுக் கேட்டுச் சொன்னோம், முடிஞ்சுது.

ஒரு காயிதம் குடுத்துச்சு. ஊட்டுக்கு வந்து நாலு மூலைக்கும் மஞ்சத் தடவி, நடுவுல குங்குமம் வச்சு, மாரியாத்தா படத்துக்குப் பின்னால சொருகிட்டேன். மஞ்ச வச்ச காயிதத்தை யாராச்சும் எடுத்துப் பிரிப்பாங்களா? பத்திரிகை அடிக்கறப்பக் கூட யாரும் எடுக்கல. நான் வாயில சொன்னதைத்தான் அடிச்சாங்க. ரெண்டு மாசம் தெனமும் அதுக்குந்தான் சூடம் காட்டுனேன்.

போன வாரம் மண்டபம் கூட்டி இருக்குதா பாக்கலாம்னு வெளக்கமாத்தோட போனேன். புதுசா ஒரு வாச்மேன் உக்காந்திருந்தாரு.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாமான் எறக்க வாரமுங்க"ன்னேன்.

"ஞாயித்துக்கெழமை டான்ஸ் கிளாஸ் விழா. நீங்க திங்கக்கெழமைதானே? காலையில ஆறு மணிக்குக் கதவு தொறக்கும்."

"ஆறு மணிக்குத் தாலி கட்டி முடிஞ்சு எல்லாரும் இட்லி தின்னுக்கிட்டு இருப்பாங்க தம்பி."

"அதை அந்தப் பூட்டுகிட்டச் சொல்லுங்க."

"இந்தக் கதவை இருவது வருசம் தொறந்தவ நானு."

"அப்ப நம்பர் உங்களுக்கே தெரிஞ்சிருக்கோணுமே"ன்னு எகத்தாளம் பேசறாரு.

எனக்குப் பொக்குன்னு ஆயிருச்சு. ஊட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பின்னால இருந்து காயிதத்தை எடுத்தேன். பேத்தி வாங்கிப் படிச்சா. "காலையில ஆறுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும்னு இதுலயே எழுதியிருக்குது ஆத்தா"ன்னா. அப்பறம் காயிதத்தை மடிச்சு என்ற கையில குடுத்துட்டு, "உன்ற தப்பு இல்ல ஆத்தா"ன்னா. திட்டியிருந்தாலும் தேவலைங்க.

சும்மா இருப்பனா நானு. அந்த டான்ஸ் டீச்சரு ஊட்டைத் தேடிப் போனேன். அவங்க நல்லவங்க, காப்பி குடுத்தாங்க. புள்ளைக ஒன்னொன்னும் சலங்கை கட்டிக்கிட்டு ஆடுதுக பாருங்க, அத்தனை அழகு, ஒரு குண்டுப் புள்ளை என்னைப் பாத்துக் கண்ணடிச்சுது. டீச்சரு, "நாங்க ராத்திரி ஒம்பதுக்கே முடிச்சுருவோம், நீங்க எடுத்துக்கங்கம்மா"ன்னாங்க. எனக்கு உசிரு வந்துச்சு. ரெண்டு பேரும் வார்டு ஆபீசுக்குப் போனோம்.

அங்க இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "ஒருத்தரு பேருல இருக்கறதை இன்னொருத்தருக்கு மாத்த முடியாதுங்க"ன்னாங்க. "அப்ப நான் வேண்டாம்னு எழுதித் தாரேன்"னு டீச்சரு சொன்னாங்க. "கேன்சல் பண்ணுனா அடுத்து வரிசையில நிக்கறவங்களுக்குத் தானாப் போயிரும். உங்களுக்கு முன்னால நாலு பேரு நிக்கறாங்க."

"ராத்திரி பத்துல இருந்து வெடியக்காலம் ஆறு வரைக்கும் சும்மாதானுங்க கெடக்குது, அதையாச்சும் குடுங்க"ன்னேன்.

"அந்த நேரத்துக்குக் கட்டமே இல்லை பாட்டி. ரெண்டு நாளைச் சேர்த்து எடுத்திருந்தா நடுவுல இருக்கற ராத்திரியும் சேர்ந்து வந்திருக்கும்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பூட்டுத் தொறக்காதுங்களா?"

"எங்க கையில ஒன்னுமில்லைங்க. புகார் போடுங்க."

போட்டோம். மறுநாளே மவன் போனுக்கு, உங்க புகார் முடிக்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்துச்சு. முடிச்சுட்டாங்களேன்னு நான் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன் பாருங்க, கேனைச்சி.

வேற மண்டபம் தேடாத எடமில்லை. முகூர்த்த நாளு, எல்லாம் செவப்பு. சூலூருக்காரங்க வந்தாங்க. சம்பந்தி கோவமாப் பேசல. "மண்டபமே எங்களுதுதான்னு பெருமையாச் சொன்னீங்களேம்மா"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான். அது இன்னும் காதுக்குள்ளயே கெடக்குது. அப்பறம் அவங்களே முடிவு பண்ணிப்போட்டாங்க. அவங்க பக்கத்துக் கோயல்ல தாலி கட்டறது. விருந்து அவங்க ஊட்டு முன்னால பந்தல் போட்டு, கோயலுக்கு வாரவங்களுக்கு மட்டும். "தாலி ஒரு பக்கம் சோறு ஒரு பக்கமா உங்க மண்டபத்துக்கு நாங்க அலைய முடியாதுங்க"ன்னுட்டாங்க.

நம்ம மண்டபம் திங்கக்கெழமை பூராவும் நம்ம பேருலதான் இருக்குமுங்க. ஆறு மணிக்குத் தானாத் தொறந்துக்கும். ராத்திரி பத்துக்குத் தானாப் பூட்டிக்கும். உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது.

சரி, சொல்ல வந்ததுக்கு வாரேன். அந்தக் கோயலு சின்னது. ஒரு பக்கத்துக்கு இருவது பேருதான்னு சொல்லிப்போட்டாங்க, அதையும் போன்லதான் பதியோணுமாமா. வால்பாறையில இருந்து என்ற அண்ணன் குடும்பமே ஒம்பது பேரு. மருமவ பொறந்த ஊடு ஆறு. நாங்க ஊட்டுக்குள்ளயே அஞ்சு. மூணு நாளா வெரலை மடக்கி மடக்கிப் பாக்கறேன் அம்மணி, இருவதுல வந்து நின்னுருது. உங்களை உள்ள கொண்டுவர முடியல. ஆரத்தி எடுக்கறதுக்கு நீங்கதான்னு நான் என்ற வாயாலயே சொன்னேன். அதுக்குன்னுதான் நீங்க சேலை எடுத்தீங்க. மாம்பழக் கலருன்னதும் அன்னைக்கு எனக்கு அத்தனை சந்தோசம். இப்பக் கல்யாணத்துக்கு வராதீங்கன்னு நானே சொல்றேன்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்குது. வெங்காயந்தான், கண்ணு எரியுது.

கேக்க வந்தது இன்னொன்னுங்க. அண்ணன் குடும்பம் ஞாயித்துக்கெழமை சாயந்தரமே பஸ்ஸுல வந்துரும். அந்தக் கொண்டை ஊசி வளைவுல எறங்கி வந்தா புள்ளைக எல்லாம் வாந்தி எடுத்துச் சுருண்டு கெடக்குங்க. மண்டபத்துல படுத்துக்கலாம்னு சொல்லியிருந்தேன். இப்ப இந்த ரெண்டு ரூம்புல அத்தனை பேரு எங்க படுக்கறது? உங்க முன் ரூம்புல ஒரு நாலு பேரு படுத்துக்கட்டுங்களா? கல்யாணத்துக்குக் கூப்புடாம, கல்யாணத்துக்கு வாரவங்களுக்குப் பாயி மட்டும் கேக்கறேன். எனக்கே கேவலமாத்தான் இருக்குது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, இப்பவே சொல்லோணும்னு...

ஏனுங்க, குழாயில காத்து சீறுதுங்களா? தண்ணி வந்துருச்சு. அஞ்சு நாள் ஆச்சுங்க. வெங்காயத்தை அப்படியே வச்சுட்டுப் போயி நீங்களும் கொடத்தை வைங்க, அரை மணி நேரத்துல நிறுத்திருவானுங்க. மருமவளே, அந்தப் பெரிய டிரம்மைக் கழுவி எடுத்துட்டு வா, இந்தா வாரேன்.