மத்தியானம் ஒண்ணரை மணி

போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெயர் சுமதி. மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். என்னைத்தான் பேட்டி எடுக்க வந்திருக்கிறாள் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்... அவள் பார்க்க வந்தது என் அக்காவை!

அக்கா கமலாவுக்கு நாற்பது வயது. தேரடி வீதியில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். அடித்த தாளில் ஒரு பிழை இருக்காது. ஆனால் முகம் பார்த்துப் பேச வராது. கிண்டல் புரியாது. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். இதற்கு ‘ஆட்டிசம்’ என்று பெயர் என்பதே போன வருடம் வேலூர் டாக்டர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை? ‘அவ ஒரு மாதிரி’ – அவ்வளவுதான்.

“தினமும் உங்களுக்கு எதுங்க ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்டாள் சுமதி.

பஸ் நெரிசல் என்பாள், கார்த்திகை தீபத்துக்கு எங்கள் ஊருக்கு வருகிற கூட்டம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“மத்தியானம் ஒண்ணரை மணி” என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி.

“ஏங்க?”

“அப்பதான் ஆபீஸ்ல எல்லாரும் சேந்து சாப்புடுவாங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல என்னையும் கூப்டாங்க. கூட வேலை செய்யற சரோஜா கொழம்பு ஊத்திட்டு, ‘எப்டி இருக்கு?’னு கேட்டாங்க. உப்பு ஜாஸ்தி, பச்சை வாசனை அடிக்குதுன்னு சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் கூப்புடல.”

“அது எப்பங்க?”

“பதினோரு வருஷம் ஆச்சு. மெஷின் பக்கத்துலயே சாப்டுடுவேன். அவங்க சிரிக்கிறது கேக்கும்.”

“உங்களுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்னு தம்பி சொன்னாரே?”

“எனக்குப் பேசத்தான் வராது. கூட உக்காரப் பிடிக்கும்.”

சுமதி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அப்படிச் சொன்ன தம்பி நான்தான்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சத்தம் அவளுக்கு ஆகாது என்று ஏழு மணிக்கே தனியாகத் தட்டு வைத்துவிடுவோம். எட்டு மணிக்கு நானும் என் மனைவியும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவோம். பக்கத்து அறைக்கு அதுவும் கேட்டிருக்கும்தானே?

வாராவாரம் ஊரார் மனசையெல்லாம் அலசி எழுதுகிறவன் நான். என் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்க மெட்ராஸிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது!

அன்று ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் தட்டோடு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ரசம் வரைக்கும் யாரும் பேசவில்லை.

கை கழுவும்போது கேட்டாள்: “நாளைக்கும் வருவீங்களா?”

“வர்றோம்க்கா.”

“எத்தினி மணிக்கு?”

தினமும் ஏழு என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மணி ஏழாக ஐந்து நிமிடம்... இந்த வாரப் பத்தி கொஞ்சம் சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!