தூரிகை கழுவிய தண்ணீர்

கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு, கொடியில் தொங்கிய ஓவியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள் நேலிதா. துணி காயப்போடுகிற அதே கொடி, அதே கிளிப்புகள். நேற்றுக் காலையில் மாட்டியவை இன்றும் விரலில் ஒட்டின. ஜூலை மாதத்துக் குளிர்காலத்தில், லா புந்தாவில் எதுவுமே காயாது. மூன்று பக்கமும் கடல், தலைக்கு மேல் மூடுபனி. ஜாடியில் உப்பு கட்டி தட்டிப்போகும், அலமாரியில் மடித்து வைத்த சட்டை பாசி வாசனை அடிக்கும். தெருக்கோடியில் நின்று பார்த்தால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. பனிக்கு உள்ளேயிருந்து கப்பலின் ஊதல் மட்டும் மாடு கத்துவதுபோல் வந்து போகும்.

"விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா கிழவி?" என்று கேட்டான் அவள் கணவன் அபெலார்தோ. கீழ்வீட்டில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். பழைய ஃபிரிட்ஜுகளிலிருந்து கழற்றிய விசிறிகளை ஒரு பலகையில் வரிசையாக முடுக்கி, ஓவியம் காயவைக்கும் இயந்திரம் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தான்.

"தள்ளி வை. நேத்து அந்தப் பையன் ரென்சோவோட கப்பல் படம் பறந்துபோய்ச் சுவத்துல ஒட்டிக்கிச்சு."

"கப்பல்னா கரை தட்டத்தானே செய்யும்."

"உன் மெஷின் காய வைக்குதோ இல்லையோ, எனக்கு நல்லா ஜலதோஷம் பிடிக்க வைக்குது."

மாடியின் முன்னறைதான் ஸ்டூடியோ. கதவில் எட்டுக் கையிலும் எட்டுத் தூரிகை பிடித்த ஆக்டோபஸ் ஒன்று வரைந்திருக்கும். சனிக்கிழமைகளில் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் குளிர்கால விடுமுறையில் மட்டும் இரண்டு வாரம் தினமும் முகாம். கடைசி நாளில் பெற்றோரை அழைத்துக் கண்காட்சி. நாளைக்கு அந்தக் கடைசி நாள்.

நேலிதா பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தெருவில்தான். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி விரிகுடாவைச் சுற்றிக் காட்டுவார். அவள் படித்து முடித்ததும் துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் கடல் வரைபடங்களைப் பிரதி எடுக்கிற வேலைக்குப் போனாள். கரையோரக் கோடு மயிரிழை விலகினாலும் மேற்பார்வையாளர் மேஜையைத் தட்டுவார். பல வருஷம் அந்தத் தட்டலுக்குப் பயந்து கோடு போட்டாள். கம்ப்யூட்டர் வந்தது, மேஜை போனது, அவளும் வீட்டுக்கு வந்தாள். கை மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காக ஆரம்பித்த வகுப்பில், ஒரு சிறுவன் சாய்த்துப் போட்ட புகைபோக்கியை இவள் ஒரே கோட்டில் நிமிர்த்தினாள். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அன்று சாயங்காலம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நடுவே நடக்கும்போது அவள் கைகள் இரண்டும் ஏப்ரன் பைக்குள் இருக்கும். ஆசிரியையின் கை குழந்தையின் தாளில் படக்கூடாது. அந்த ஸ்டூடியோவில் இருந்த ஒரே சட்டம் அது. அதுவும் அவள் ஒருத்திக்கு மட்டும்.

"மிஸ் பைக்குள்ள கினிப்பன்றி வளக்குறாங்க. கையை எடுத்தா அது குதிச்சிரும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான் ரென்சோ.

கொடியின் கடைசியில் தொங்கியது யாமிலேயின் தாள். அதைத் திருப்பும்போது மட்டும் நேலிதா கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சற்று நின்றாள்.

ஏழு வயது யாமிலே இரண்டு வாரமாக அந்த ஒரே தாளில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் நாளுக்கு ஒன்று, இரண்டு என்று போட்டுத் தள்ளினார்கள். இவள் கலர் பாட்டில்கள் பக்கமே போகவில்லை. முதல் நாளே ஒரு காலி டப்பாவை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள்.

"உன் தண்ணி எனக்குத் தர்றியா?"

"எந்தத் தண்ணி?"

"பிரஷ் கழுவினது."

"அது அழுக்கு."

"பரவால்ல. தா."

சிவப்பு கழுவிய தண்ணீர், பச்சை கழுவிய தண்ணீர், எல்லாம் கலந்து என்னவென்றே தெரியாமல் போன தண்ணீர். டப்பா டப்பாவாகச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினாள். ஈரத்தின் மேல் ஈரம். இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே வந்து, "இன்னைக்கு எனக்கு நல்லா வந்திருக்கு, எடுத்துக்கோ" என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். தாள் முழுக்கச் சாம்பல் நிறம். ஆனால் சும்மா பார்த்தால்தான் சாம்பல். கொஞ்ச நேரம் நின்றால் அடியில் பச்சை நகரும், ஓரத்தில் ஊதா மூச்சு விடும், பார்க்கிறவள் தாளுக்குள் நடந்துபோய்க்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். கப்பல் ஊதல் கேட்கிறபோது அது ஜன்னலிலிருந்து வருகிறதா, இந்தத் தாளிலிருந்து வருகிறதா என்று ஒரு நாள் நேலிதாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

யாமிலேயின் அம்மா ஜிசேலாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை. போன வாரம் மகளை அழைத்துப்போக வந்தவள் கொடியைப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுத் தரை துடைக்கிற துணி மாதிரி இருக்கே மிஸ்."

"இன்னும் முடியலை ஜிசேலா."

"முடிஞ்சா என்னவா ஆகும்? பிழிஞ்சு காயப்போடணுமா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் ஒளிக்காம சொல்லிடறேன். கணக்கு வகுப்பும் சனிக்கிழமைதான். அவ அப்பா அங்கதான் சேக்கணும்கிறாரு. கண்காட்சியில எதாவது பாக்குற மாதிரி இருந்தா நான் சண்டை போட்டாவது இங்க அனுப்புவேன். இல்லைன்னா ஆகஸ்ட்ல இருந்து கணக்குதான்."

யாமிலே அப்போது பக்கத்தில் நின்று டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாளான அன்று சாயங்காலம் நாற்காலிகள் போட இடம் வேண்டியிருந்தது. கொடியை அவிழ்க்க வேண்டும்.

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதே" என்றான் அபெலார்தோ.

"நடுவுல பேப்பர் வைக்கிறேன்."

"ஒட்டும்."

"நீ ஃபிரிட்ஜைப் பாரு."

பழைய செய்தித்தாள் கடைசியில் போதவில்லை. ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இல்லாமல் போனது, ராத்திரி ஒன்றில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

விடிந்ததும் அடுக்கைப் பிரித்தபோது ரென்சோவின் சிவப்பு மீன்பிடிக் கப்பல் யாமிலேயின் சாம்பலோடு முகத்தோடு முகமாக ஒட்டிக் கிடந்தது. ஒரு பாட்டில் சிவப்பையும் காலி செய்து போட்ட கப்பல் அது. மெல்ல உரித்தாள். கப்பலின் மூக்கு பிய்ந்து வந்தது. சாம்பலின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, அடிபட்ட முழங்கால்போல் ஒரு சிவப்பு.

நேலிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் பத்து மணிக்கு வருவார்கள். கண்காட்சி பதினொன்றுக்கு.

கை பைக்குள்தான் இருந்தது. எப்போது வெளியே வந்ததென்று அவளுக்குத் தெரியாது. முதலில் சாம்பல் கலந்தாள். வெள்ளை, கறுப்பு, ஒரு சொட்டு நீலம். அது சரியான சாம்பல். அரசாங்கக் கட்டடத்துச் சாம்பல். தாளில் வைத்ததும் ஒட்டுப் போட்ட இடமாகத் தெரிந்தது. பிள்ளைகளின் தண்ணீர் டப்பாக்களைத் தேடினாள். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள், அவளேதான். இன்னொரு பூச்சுப் பூசினாள். அடியிலிருந்து சிவப்பு ரோஜா நிறமாக எட்டிப் பார்த்தது.

அப்புறம் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தச் சிவப்பு எங்கே அழுத்தமாக இருந்ததோ அங்கே. அதைச் சுற்றி வெளிச்சம் கரைகிற மாதிரி ஒரு வளையம். கீழே தண்ணீரில் அது நடுங்குகிற மாதிரி இரண்டு இழுப்பு. பனிக்குள் எங்கேயோ ஒரு படகு, அதில் ஒரு விளக்கு. அப்பா விளக்கை ஆட்டிக்கொண்டே துறைக்குத் திரும்புவதை ஜன்னலிலிருந்து பார்த்த பெண் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்த பனியில் தெரு, மரம், எதிர்வீட்டில் தேசிய தினத்துக்கு ஏற்றிய கொடி எல்லாம் மறைந்துபோய், அந்த விளக்கு மட்டும் மிச்சம் இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் கை பல வருஷமாக இருந்ததில்லை.

கெட்டிலோடு மேலே வந்த அபெலார்தோ எட்டிப் பார்த்தான்.

"அட, பொண்ணு விளக்கு ஏத்திட்டாளே."

"அவ இல்ல. நான்."

அவன் கெட்டிலைக் கீழே வைத்தான். "சொல்லிடுவியா?"

"அவங்க அம்மா பாக்குற மாதிரி எதாவது வேணும்னு சொன்னா."

"நான் அதைக் கேக்கலையே" என்றான். விசிறிப் பலகையைத் தூக்கி வந்து அந்தத் தாளுக்கு நேரே வைத்து ஓடவிட்டுக் கீழே போனான்.

பத்து மணிக்கு ரென்சோதான் முதலில் வந்தான். மூக்குப் பிய்ந்த கப்பலைப் பார்த்து முகம் மலர்ந்தது. "பாறையில மோதிருச்சு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். நேலிதா மன்னிப்புக் கேட்டதை அவன் காதிலேயே வாங்கவில்லை.

யாமிலே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நேலிதா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கைகள் பைக்குள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தாள். குழந்தை கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். மற்றப் பிள்ளைகள் பொரித்த சோளத்தை அள்ளித் தின்றுகொண்டு ஓடினார்கள். பெற்றோர்கள் வந்தார்கள், அபெலார்தோ எல்லோருக்கும் சூடாக மூலிகைப் பானம் ஊற்றிக் கொடுத்தான், கண்ணாடி ஜன்னலில் மூச்சுப் படிந்து அறையே ஒரு டப்பாத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

ஜிசேலா மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு வந்து சேர்ந்தாள்.

"கால் மணிதான் லீவு குடுத்தாங்க. எங்க நம்ம துணி?" என்று தேடியவள் அப்படியே நின்றாள். "யாமிலே. இது நீ போட்டதா? இந்த விளக்கு? பாருங்க மிஸ், கடல்ல படகு வர்றது அப்படியே தெரியுது. அடியே, இவ்வளவு நாளா இதையா மனசுல வச்சிருந்தே? உங்க அப்பா இதைப் பாத்தா வாயைத் திறக்க மாட்டாரு." போனை எடுத்துப் படம் பிடித்தாள். "சனிக்கிழமை இவளைச் சேத்துக்கோங்க மிஸ். முடிஞ்சுபோச்சு."

நேலிதாவின் வாயில் ஒரு சரி வந்து நின்றது. அவ்வளவுதான் தேவை. ஒரு சரி சொன்னால் யாமிலே டப்பாவோடு வருஷம் முழுக்க இங்கே மேஜை மேஜையாகப் போவாள்.

"மிஸ், இதை யாரு போட்டது?" என்றாள் யாமிலே.

அவள் குரலில் கோபம் இல்லை. காணாமல்போன குடையைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள்.

"நான்தான் கண்ணு. உன் தாளை அடுக்குல வச்சது நான், அது ஒட்டிக்கிச்சு. சிவப்பு ஏறிடுச்சு. மறைக்கலாம்னு போட்டேன்." பிறகு ஜிசேலாவின் பக்கம் திரும்பினாள். "விளக்கு என்னோடது. மிச்சம் எல்லாம் அவளோடது."

ஜிசேலா போனைத் தாழ்த்தினாள். அவள் எதுவும் சொல்வதற்குள் யாமிலே கையை நீட்டினாள். கட்டைவிரலை விளக்கின் மேல் வைத்து, கண்ணில் விழுந்த தூசியைத் துடைப்பதுபோல், ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜூலை மாதம். எதுவும் காயாது. மஞ்சள் அப்படியே வழிந்துகொண்டு வந்தது. அடியில் இருந்த சிவப்பும் அதோடு சேர்ந்து கிளம்பியது. இன்னொரு சுற்று. படகு போனது, தண்ணீரில் நடுங்கியது போனது. சாம்பலுக்குள் எங்கேயோ ஒரு வெதுவெதுப்பு மட்டும் பரவி, எங்கே ஆரம்பிக்கிறதென்று தெரியாமல் நின்றது.

"கெடுத்துட்டியேடி" என்றாள் ஜிசேலா. சத்தமாகச் சொல்லவில்லை.

ரென்சோ சோளத்தை மென்றுகொண்டிருந்தான். ஜிசேலா படத்தைத் திரும்பப் பார்த்தாள். அவளுடைய கால் மணி போய்க்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் காலையில பஸ்ஸுக்கு நிக்கிறப்போ இப்படித்தான் இருக்கும்" என்றாள் கடைசியில். "சரியா இப்படி. விடிஞ்சும் விடியாம. அதைப் போய் யாரு சுவத்துல மாட்டுவாங்க." கோட்டுப் பையில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, விட்டுவிட்டாள். "அவங்க அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. சனிக்கிழமை எத்தனை மணி?"

"பத்து."

"பத்தா. கணக்கு வகுப்பும் பத்துதான்." பெருமூச்சு விட்டாள். "அனுப்புறேன்."

அனுப்புவது முடிவாகிவிட்டது. நேலிதாவுக்கு மட்டும் அது போதவில்லை. அவள் குனிந்தாள். கைகளை ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் குழந்தை பார்க்கும்படி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கில் இன்னும் மஞ்சள் இருந்தது. கினிப்பன்றி ஒன்றும் குதிக்கவில்லை.

"சனிக்கிழமை வருவியா கண்ணு?"

யாமிலே தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதைக் கோட்டில் துடைக்கப்போனவள் துடைக்காமல் விட்டாள். சுவரிலிருந்து தாளைக் கழற்றினாள். சுருட்டாமல், ஈரப்பக்கம் மேலே இருக்க, ததும்பத் ததும்ப எதையோ எடுத்துப் போகிறவள் மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். அம்மா கதவைத் திறந்து பிடித்தாள். குழந்தை ஆக்டோபஸைத் தாண்டி, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கிப் போனாள்.