முதல் கத்தி வாங்க வந்தவர்கள்

கத்தி விற்கிறவனிடம் யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். பேசுவார்கள், அதுவும் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுவார்கள். வளைகுடாவில் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் மரத்துப்போனவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் ஷார்ஜா ரோலாவில் ஒரு கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். கூடாரம், தூண்டில், டார்ச் லைட், வேட்டைக் கத்தி எல்லாம் விற்போம். சாணை பிடிப்பதும் அலகில் பெயர் பொறிப்பதும் பெஷாவர் பக்கத்துக் குல் கானின் வேலை. குளிர் தொடங்கி ஜனங்கள் பாலைவனத்தில் கூடாரம் போடக் கிளம்பும்போது, பிள்ளைகளுக்கு முதல் கத்தி வாங்க அப்பாக்கள் வருவார்கள். அவர்களில் சிலரை இன்னும் மறக்க முடியவில்லை.

சிங்கத்தின் வீடு

ஓர் அரபிக்காரர் ஏழு வயது மகனோடு வந்தார். தலையணை உறை மாதிரி வெளுத்த கந்தூரா அங்கியின் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு கத்தியையும் முன்கை முடியில் வைத்துச் சிரைத்துப் பார்த்தார். கூர் போதாது என்று இரண்டை ஒதுக்கினார். ஆண் பிள்ளை என்றால் பயம் இருக்கக் கூடாது என்று எங்களுக்கும் சேர்த்து ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, கடையிலேயே கூரானதை வாங்கிப் போனார். பையன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான்.

அரை மணி நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். காரில் பையன் தூங்குகிறான், அதற்குள் கூரை மழுக்கிக் கொடுங்கள் என்றார். குல் கான் மழுக்கிக் கொடுத்தார். மறுநாள் காலை அதே கத்தியைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். என் கணவருக்குத் தெரிய வேண்டாம், இதை மழுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். குல் கான் அலகில் விரலை ஓட்டிக் காட்டி, நேற்றே ஆகிவிட்டது என்றார். அந்த அம்மாள் கத்தியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்திரைக்குள் சிரிப்பது தோளில் தெரிந்தது.

"ராத்திரி முழுக்க என்னிடம் சிங்கம் மாதிரி பேசினாரே."

இடம் விட்ட பெயர்

இன்னொருவர் இன்னும் பிறக்காத பிள்ளைக்குக் கத்தி வாங்க வந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். பெண்ணா பையனா என்று கேட்டுக்கொள்ளவில்லையாம். பையன்தான் என்று மனது சொல்கிறதாம். 'சாலிம்' என்று அலகில் பொறிக்கச் சொன்னார். பிறந்த பிறகு பொறிக்கலாமே என்று நான் இழுத்தேன். யல்லா யல்லா என்று அவசரப்படுத்தினார். குல் கான் பொறித்துக் கொடுத்தார்.

அந்த வாரமே திரும்பி வந்தார். பெண் குழந்தை. கத்தியை மாற்றிக் கேட்பார், பெயர் பொறித்ததை முதலாளி திரும்ப எடுக்க மாட்டாரே என்று நான் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அவரோ கத்தியைக் குல் கான் முன்னால் வைத்து, சாலிமாவாக்கிக் கொடுங்கள் என்றார். அரபியில் கடைசியில் ஓர் எழுத்து சேர்த்தால் போதும். குல் கான் கடைசி எழுத்தின் வாலை நீட்டிப் புது எழுத்தைச் சேர்த்துவிட்டார். முதலிலேயே அப்படித்தான் எழுதியது போல இருந்தது. அவர் கத்தியை முத்தமிட்டுவிட்டுப் போனார். அவ்வளவு இடம் எப்படி மிச்சம் இருந்தது என்று நான் குல் கானைக் கேட்டேன்.

"எனக்கு நாலும் பொண்ணு, பாய். யார் பேரா இருந்தாலும் ஓர் எழுத்துக்கு இடம் விட்டுத்தான் வெட்டுவேன்."

காந்த முள்

வெள்ளிக்கிழமை மத்தியானம். சஜ்ஜா பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து செல்லமுத்து என்கிறவர் வந்தார். பெரம்பலூர்க்காரர், கம்பி கட்டுகிற வேலை. கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, நான் தமிழ் பேசுவதைக் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தார். லீவில் ஊருக்குப் போகிறார். மகளுக்குக் கத்தி வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைக்கு வேட்டைக் கத்தி எதுக்குங்க?" என்றேன்.

"பள்ளிக்கூடம் இல்லாத அன்னிக்கு ஆடு ஓட்டிட்டுப் போவுதுண்ணே. நாய்ங்க தொல்ல. அதான் போன்ல கேட்டுச்சு."

பிடி சின்னதாக, உறை இறுக்கமாக, நல்ல கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கும் பிடித்திருந்தது. பொட்டலம் கட்டப் போகிற நேரத்தில் மேல் தட்டில் இருந்த ஒன்றைக் காட்டினார். சினிமாவில் வருவது மாதிரி முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசை காட்டும் காந்த முள். மட்டமான இரும்பு. சீக்கிரம் துரு ஏறும், வேண்டாம் என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பி முள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க ஊருல இருந்து ஷார்ஜா எந்தப் பக்கம்?"

வடக்குக்கும் மேற்குக்கும் நடுவில் என்றேன். அதில் ஒரு அடையாளம் போட முடியுமா என்று கேட்டார். குல் கானிடம் சிவப்பு வார்னிஷ் வாங்கி, முள் ஆடும் வட்டத் தட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். முள்ளின் நுனியை வடக்கைக் குறிக்கும் 'N' எழுத்தின் மேல் நிறுத்தினால் புள்ளி இருக்கிற பக்கம் ஷார்ஜா என்று விளக்கினேன். அவர் தானே நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் நீ எந்தப் பக்கம்பா இருக்க என்று அந்தப் பிள்ளை கேட்குமாம். இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாராம். கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் போடுங்கள் என்று சொல்லி அதையே பொட்டலம் கட்டினேன். நாய் வந்தால் இந்தக் கத்தி உதவாது என்றும் எச்சரித்தேன்.

"நாய்க்கு அவ கம்பு வச்சிருக்காண்ணே. அவளுக்கு இந்த முள்ளு போதும்."

என் வீட்டு வாடிக்கையாளர்

ஊருக்கெல்லாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எனக்கு, ஒன்பது வயது மகள் சந்தியா கேட்டபோது புத்தி வேலை செய்யவில்லை. அவள் வகுப்புத் தோழி கேம்ப்பிங்கில் தன் கத்தியால் ஆரஞ்சு வெட்டினாளாம். முதல் நாள் ஒன்று கொண்டுபோனேன். பெரிதாகத் தெரிந்தது, மறுநாள் திரும்ப எடுத்துப் போய்விட்டேன். அடுத்தது கையில் நழுவுமோ என்று தோன்றியது, அதையும் திரும்ப எடுத்துப் போனேன். "கஸ்டமருக்குச் சொல்ற தைரியத்த வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டு வாங்க" என்றாள் என் மனைவி மாலதி. கடைசியில் பிடி தடித்த சின்னக் கத்தி ஒன்றைக் கொடுத்து, நான் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தால், சந்தியா தோசையை இடது கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மேஜைக்கு அடியில். எடுத்துப் பார்த்தால் கட்டை விரலில் டிஷ்யூ பேப்பர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. சின்னக் கீறல்தான், ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. ஆனால் பிளாஸ்டரை உரித்து என் விரலிலேயே ஒட்டிக்கொண்டேன். மாலதிதான் இன்னொன்றை எடுத்து ஒட்டினாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். திட்டும் எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன், வலிக்கிறதா என்ற கேள்வியில் போய் முடிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டர் ஒட்டாத கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வலிக்கலப்பா, ப்ராமிஸ். இதையும் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னுதான் சொல்லல."

பிள்ளைகள் கைக்குப் பொருந்துகிற கத்தியை எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம், அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற அப்பா மட்டும் எங்கள் கடையில் கடைசிவரை ஸ்டாக்கில் வரவே இல்லை.