குதிரைக்கு வலப்பக்கம்

கோலத்துப் புள்ளிக்கு வரிசை உண்டு, குதிரையின் புள்ளிக்கு வரிசை கிடையாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருசம் ஆனது. என் வீட்டுக்காரர் மண் குதிரை செய்கிறவர். மண்ணைக் குழைத்து, கால், உடம்பு, தலை என்று தனித்தனியாக வனைந்து, சூளையில் சுட்டுத் தருவது அவர் வேலை. அதற்கு வெள்ளை அடித்துப் புள்ளி வைப்பது என் வேலை. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் எண்ணுவதில் மட்டும் யாருக்கும் இளைத்தவள் இல்லை. எந்தக் குதிரைக்கு எத்தனை புள்ளி என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, தைத்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கதவுக்கு ஆசையாகப் பெயிண்ட் அடித்துவிட்டு, பார்க்க வருகிறவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அடுப்படியில் போய் நின்றுகொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சோடா மூடி

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் முதல் குதிரைக்குப் புள்ளி வைத்தேன். பக்கத்து ஊர் ஐயனார் கோயிலுக்குப் புரவி எடுப்பு. ஊரே வந்து எங்கள் களத்திலிருந்து குதிரையைத் தூக்கிக்கொண்டு போகும். புள்ளி ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று சோடா பாட்டில் மூடியைக் கறுப்புப் பெயிண்டில் தொட்டுத் தொட்டு வைத்தேன். பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. நூல் பிடித்தாற்போல இருந்தது.

ஆட்கள் வந்ததும் நான் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் இடப்பக்கம் வந்தால் நான் வலப்பக்கம் போவேன். வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இது. ஊர்ப் பெரியவர் ஒருவர் குதிரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"குதிரை அம்சமா இருக்கு வேளாரே. சட்டைத்துணி மட்டும் எந்தக் கடையில எடுத்தீங்க?"

சுவரோரம் நின்ற குதிரை

அந்தச் சட்டைத்துணி பதினாறு வருசம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மூடியை விட்டுக் கட்டை விரலால் வைத்துப் பார்த்தேன், வெண்டைக்காயை நறுக்கி வைத்துப் பார்த்தேன். எதுவும் குதிரைத்தோல் ஆகவில்லை. எப்படி ஆகும்? அதுவரை உயிருள்ள புள்ளிக் குதிரையை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

அன்னவாசலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த குதிரையை மண்டபத்துச் சுவரோரமாகக் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் குதிரை, உடம்பெல்லாம் கறும்புள்ளி. எல்லோரும் பந்திக்குப் போனார்கள். நான் குதிரையிடம் போனேன். ஒரு புள்ளிகூட வட்டமாக இல்லை. ஒன்று புளியங்கொட்டை மாதிரி, ஒன்று கிழிந்த இலை மாதிரி. பின்தொடையில் நெருக்கமாக, பெரிதாக இருந்தது. கழுத்துக்குப் போகப் போகச் சிறுத்து, கடுகாகித் தேய்ந்துபோனது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கரை. கறுப்பு முடி முடிந்து வெள்ளை முடி தொடங்கும் இடம் அது. நாற்பத்து மூன்று எண்ணும்போது குதிரை அசைந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஐம்பத்தேழில் வாலை வீசியது. மூன்றாம் தடவைதான் முடிந்தது: நூற்றிரண்டு. மறுபக்கம் சுவரை ஒட்டி இருந்ததால் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் போதும் என்று திரும்பிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைக்காரர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏக்கா, குதிரை வாங்க வாரவுக சுழி பாப்பாக, பல்லு பாப்பாக. புள்ளி எண்ணுற ஆள நான் இன்னைக்குத்தேன் பாக்குறேன்."

தலையணை

பார்த்துவிட்டேனே தவிர, கை பழகப் பத்து வருசத்துக்கு மேல் ஆனது. சாம்பல் கரைதான் பிடிபடவில்லை. பிரஷால் வரைந்தால் கண்ணுக்கு மை தீட்டியது போல ஆகிவிடும். கடைசியில் பஞ்சு கை கொடுத்தது. இரப்பர் பஞ்சைக் கிள்ளி, கறுப்பில் தொட்டு, பழைய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வைக்க வேண்டும். காய்வதற்குள் பல் தேய்க்கும் பிரஷால், முடி படியும் திசையில், ஓரத்தை மட்டும் இழுக்க வேண்டும். அப்போது கறுப்பும் வெள்ளையும் கலந்து தானாகவே சாம்பல் வரும். ஒரு புள்ளிக்கு நாலு இழுப்பு. ஐந்து இழுத்தால் அழுக்கு.

ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் புள்ளிகளைக் காகிதத்தில் படி எடுத்து, ஊசியால் ஓட்டை போடுவேன். காகிதத்தை அப்படியே திருப்பி மறுபக்கத்தில் வைத்து, கரித்தூள் கட்டிய துணியால் தட்டினால் அதே புள்ளிகள் அங்கேயும் விழும். கோயில் குதிரை என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதுதான் எங்கள் வழக்கம்.

பஞ்சு நிறையத் தேவைப்பட்டது. கடையில் போய்க் கேட்கக் கூச்சம். வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மருமகள் செல்வி, இரண்டு நாள் தேடிவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"அத்தை, குதிரை படுத்துத் தூங்குறதுக்கு என் தலகாணிதான் கெடச்சுச்சா?"

பதினொரு போட்டோ

போன வருசம் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் செல்வியின் போனில் கூப்பிட்டார். ஊர் பொன்னமராவதிப் பக்கம். அவருடைய அப்பா பத்தொன்பது வருசம் ஒரு புள்ளிக் குதிரை வளர்த்திருக்கிறார். பேர் முத்தழகி. மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். மழைக்காலத்தில் அது செத்துப்போய்விட்டது.

"அன்னைலேர்ந்து அப்பா கொட்டாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறதில்லங்க. மூணடி ஒசரத்துல செஞ்சு குடுங்க, வீட்டுக்குள்ள வச்சுக்கட்டும். ஆனா அது முத்தழகியா இருக்கணும். வேற குதிரையா இருந்தா அங்கயே விட்டுட்டு வந்துருவாரு" என்றார்.

பதினொரு போட்டோ அனுப்பினார். செல்வி ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிக் காட்ட, நான் எண்ணினேன். நூற்றுப் பதினான்கு புள்ளி. பின்தொடையில் மாவிலை போல ஒன்று, காதுக்குக் கீழே அரைமிளகு போல ஒன்று. அசலுக்கு அசலாக இடப்பக்கம் வந்துவிட்டது. பிறகுதான் பார்த்தேன், பதினொரு போட்டோவிலும் இடப்பக்கம்தான் இருந்தது. குதிரையை இடப்பக்கம் நின்றுதான் பிடிப்பார்கள். ஆள் நிற்கும் பக்கம்தானே போட்டோ எடுப்பார்கள்? வலப்பக்கம் ஒரு காது நுனிகூட இல்லை. திரும்பக் கேட்டதற்கு, இருந்தது அவ்வளவுதான் என்று பதில் வந்தது.

எட்டு நாள் வலப்பக்கத்தை வெள்ளையாகவே வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் என் வீட்டுக்காரர் பொறுமை இழந்தார்.

"அங்கிட்டு உள்ளதையே இங்கிட்டும் போடு. ஐயனாரு என்னைக்காச்சும் எறங்கிச் சுத்தி வந்து எண்ணிப் பாத்திருக்காரா?"

சுற்றி வந்தவர்

காகிதத்தைத் திருப்பி வைத்துத் தட்டினேன். இத்தனை வருசப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. மனசுதான் போகவில்லை.

வாங்கிப்போகப் பெரியவரே வேனில் வந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார், மெலிந்த உடம்பு. நான் வழக்கம்போல வலப்பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். அவர் இடப்பக்கம் வந்து நின்றார். பிறகு, "முத்தழகி" என்றார். காதுக்குக் கீழே இருந்த அரைமிளகை விரலால் தொட்டார். "இதக்கூட விடலயே வேளாரே" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதோடு போயிருக்கலாம். அவர் சுற்றி வர ஆரம்பித்தார்.

நான் மறுபக்கம் நகர்ந்திருக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டேன். அவர் வந்து, என்னையும் பார்த்தார், குதிரையையும் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்னமோ தெரியல. இங்கிட்டு வந்தா அதக் காணோம்" என்றார். கையை எடுத்துக்கொண்டார். விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்தது.

"ஐயா, புள்ளி வச்சது நான். இந்தப் பக்கத்துக்குப் படம் இல்லங்கய்யா. அங்கிட்டு உள்ளதத் திருப்பி வச்சுட்டேன். இது பொய்ப் பக்கம்" என்றேன். ஒரு அந்நிய மனிதரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "சரியான புள்ளியச் சொல்லுங்க, மாத்தித் தாரேன்."

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். திறந்தபோது என்னைவிட அவர்தான் வெட்கப்பட்டுப்போயிருந்தார்.

"பத்தொம்பது வருசம் புடிச்சுக்கிட்டு நடந்தேன் தாயி. எனக்கு ஒரு பக்கந்தான் தெரியும்னு இப்பத்தான் தெரியுது."

வேனில் இருந்தவர்

"அங்கிட்டு யாருங்கய்யா நிப்பா?" என்று கேட்டேன். அவர் வேனைக் காட்டினார். "அவதான். தண்ணி காட்டுறது, தேச்சு விடுறதெல்லாம் அவ. தொட்டி வலப்பக்கம் இருந்துச்சு. எறங்க மாட்டா, ஆளுகன்னாக் கூச்சம்."

கூச்சத்தைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? நானே வேனுக்குப் போனேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். "நான் என்னத்தைத் தாயி பாக்குறது? அவுக பாத்தாப் போதும்" என்றார்.

"அக்கா, அவுகளுக்கு வலப்பக்கம் தெரியலயாம். நீங்க வரலைன்னா முத்தழகி இங்கயே நின்னுரும்."

இறங்கினார். வலப்பக்கத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். "ஆத்தாடி, இது எந்த ஊருக் குதிரை?" கரித்துண்டைக் கையில் கொடுத்தேன். கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தேய்த்துவிட்ட கை அல்லவா, மேலிருந்து கீழே தேய்க்கிற போக்கிலேயே வட்டம் போட்டுக்கொண்டு வந்தது. நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தேன். எண்பத்து மூன்று. கடைசியாக, முன்னங்காலுக்குப் பின்னால், அடிவயிற்றோரம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்தார். "இது புள்ளி இல்ல தாயி, தழும்பு" என்று மெதுவாகச் சொன்னார்.

பெரியவருக்கு அது கேட்டுவிட்டது. "தழும்பா? முத்தழகிக்கு ஏது தழும்பு?"

"நாந்தேன் ஒருநா கேட்டைச் சரியாச் சாத்தல. கொக்கி கிழிச்சுருச்சு. நீங்க திருவிழாவுக்கு வாடகை பேசப் போயிருந்தீக. மஞ்சளப் போட்டு ஆத்திப்புட்டேன். திட்டுவீகன்னு சொல்லல."

"எத்தன வருசமாச்சு?"

"பன்னெண்டு ஆச்சு. நீங்கதேன் இங்கிட்டு வந்ததே இல்லயே."

அவர் வேனில் ஏறிக்கொண்டார். வேன் போகும்போது கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அந்த அம்மா போட்ட வட்டங்களைக் காகிதத்தில் படி எடுத்துக்கொண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு பூச்சு வெள்ளை அடித்து, எண்பத்து மூன்று புள்ளி வைத்து, அந்தத் தழும்பையும் முடியில்லாத தோல் நிறத்தில் இழுத்து முடித்தேன். ஆறாம் நாள் இருவரும் வந்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மாவும் இறங்கினார். நானும் ஒளியவில்லை. பெரியவர் இடப்பக்கம் பார்க்காமல் நேராக வலப்பக்கம் போனார். குனிந்து, தேடி, கட்டைவிரலைத் தழும்பின் மேல் வைத்தார். அளவு சரியாக இருந்தது. வைத்த விரலை எடுக்காமலே மனைவியைக் கேட்டார்:

"மஞ்ச மட்டுந்தான் போட்டியா, வேப்பெண்ணெயும் தடவுனியா?"

நாற்பத்தோரு வருசத்தில் இருநூற்றுப் பதினெட்டுக் குதிரைகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன்; அவற்றில் இருநூற்றுப் பதினேழுக்கு வலப்பக்கமே கிடையாது என்பதை இப்போதுதான் காலண்டர் தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.