பாட்டுக்காரன் நின்ற இடம்

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் எனக்கு வரவேண்டியவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைப் படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டுவதென்றால் திட்டட்டும்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஊர்காவற்றுறையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். புளியங்கூடலில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய புருசன் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பியபோது ஒரு வால்வு அம்பிளிபயரும், இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் கொண்டுவந்திருந்தார். இங்கிலாந்தில் செய்தவை. அந்த மனிதர் செத்த பிறகும் ரீச்சர் தினமும் பின்னேரம் ஒரு இசைத்தட்டுப் போட்டுக் கேட்பார். அம்பிளிபயர் பழுதானால் என்னைக் கூப்பிடுவார். வேலை முடிந்ததும் நான் உடனே எழும்பமாட்டேன். இரண்டு பெட்டிகளுக்கும் எதிரே, நடுவில், சீமெந்து நிலத்தில் உட்கார்ந்துவிடுவேன். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்கும்.

கனடாவில் இருக்கும் மகளிடம் போகப் போவதாக ரீச்சர் சொன்னபோது, பெட்டிகளை உமக்குத்தான் தருவேன் என்றார். கொஞ்சம் பொறுங்கள், காசு புரட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். மச்சானிடம் போய்ப் பெருமையடித்தேன்.

மச்சான் என் அம்மாவின் தம்பி மகன். நானும் அவனும் ஒரே வயது, ஒரே வகுப்பு, பெயில் விட்டதும் ஒன்றாகத்தான். ஆனால் அவனுக்கு ஜேர்மனியில் ஒரு தமையன் இருந்தான், எனக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நான் விலை கேட்டுவிட்டு வந்த சைக்கிளை அடுத்த கிழமை அவன் ஓடித் திரிந்தான். நான் ஆசைப்பட்ட கசெற் றெக்கோடர் அவன் வீட்டு அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. அப்படிப்பட்டவனிடம் போய் நான் பெட்டிகளைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தேன்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தான். ரீச்சரோடு பேசி முடித்துவிட்டானாம். அவருக்கு விமானச் சீட்டுக்குக் காசு அவசரமாம்.

"நீ வந்து ஒருக்கால் பாத்துச் சொல்லு மச்சான். உனக்குத்தானே உதுகள் தெரியும்."

வருகிறேன் என்றேன்.

ரீச்சர் வீட்டில் அவன் கதிரையில் சாய்ந்திருக்க, நான் முழங்காலில் நின்று பெட்டிகளைச் சோதித்தேன். முன்பக்கத் துணியைக் கழற்றி, காகிதக் கூம்பை இரண்டு கையாலும் சமமாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே உரசல் இல்லை. சுற்றிவர விளிம்பு உடையாமல் இருந்தது. ஒன்றில் மட்டும் சின்னக் கிழிசல், அதன்மேல் ரீச்சரின் புருசன் பட்டம் கட்டும் மெல்லிய தாளை அழகாக ஒட்டியிருந்தார். கறையான் இல்லை. டோர்ச் பற்றரியை வயரில் தொட்டால் கூம்பு முன்னுக்குத் துள்ள வேண்டும். இரண்டும் துள்ளின. ஒரு குறை சொல்ல இடமில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

பின்பக்கத்தில் வயர் பூட்டும் ஆணிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டித் துடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டியின் வயர்களை மட்டும் மாற்றிப் பூட்டினேன். அப்படிப் பூட்டினால் ஒரு கூம்பு முன்னுக்கு வரும்போது மற்றது பின்னுக்குப் போகும். பாட்டு நடுவில் நிற்காமல் சிதறி வெறும் கோதாகிவிடும். வேண்டாம் என்று அவன் போகட்டும், நான் பிறகு வாங்குகிறேன். இதுதான் என் எண்ணம்.

இசைத்தட்டுச் சுழன்றது. மச்சான் ஒரு நிமிடம்கூட இருந்து கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு எழும்பி வெளியே நடந்தான். எங்கள் தீவில் ஸ்பீக்கர் என்றால் திருவிழாவுக்குப் பனையில் கட்டுகிற குழாய்தான். அது கடல் தாண்டிக் காரைநகருக்குக் கேட்டால் திறம். அவன் படலையைத் திறந்து ஒழுங்கையில் நின்று பார்த்தான், கோயில் கிணற்றடி வரைக்கும் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"படலைக்கு அங்கால ஒண்டும் கேக்கேல்லை மச்சான். உதை வாங்கி என்ன செய்யிறது?"

வயரைத் தொட்டே இருக்கத் தேவையில்லை. எனக்கு ஒரே சந்தோசம். ஆனால் ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவர் இருக்கேக்கை பாட்டுக்காரன் நடுவிலை நிண்டு பாடுவான். இண்டைக்கு ஆளைக் காணேல்லை."

"வயர் மாறிப்போச்சுப் போலை, ரீச்சர்."

"மாறிப்போச்சோ, மாத்தினனீரோ?"

அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பெட்டிக்குப் பின்னால் போய் வயரைச் சரியாகப் பூட்டினேன். இசைத்தட்டு முதலிலிருந்து ஓடியது. பாட்டுக்காரன் நடுவில் வந்து நின்றான்.

மச்சான் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெல்ல உள்ளே வந்து, நான் வழக்கமாக உட்காரும் அதே இடத்தில் சப்பாணி கட்டி இருந்தான். என் இடத்தில்.

"பெட்டி ரெண்டும் பாடேல்லை," என்றான். "நடுவிலை சுவரல்லோ பாடுது."

அன்றே மச்சான் காசைக் கொடுக்க, பெட்டிகளும் அம்பிளிபயரும் உழவு இயந்திரத்தில் ஏறின. வழியில் ஆடாமல் ஒரு பெட்டியை நான்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். இறக்கிவைத்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னான், குடிக்கவில்லை.

அடுத்த மாதம் ரீச்சர் போய்விட்டார். அதன் பிறகு ஒருநாள் மச்சான் கடைக்கு வந்தான், முகம் வாடியிருந்தது. ஒரு பெட்டியை உள்ளே மண்டபத்தில் வைத்திருக்கிறானாம். மற்றதை முன் விறாந்தையில் றோட்டைப் பார்க்க வைத்திருக்கிறானாம்.

"றோட்டாலை போறவைக்கும் கேக்கவேணுமல்லோ. ஆனா மச்சான், ரீச்சர் வீட்டிலை நிண்டவனை எங்கடை வீட்டிலை காணேல்லை. என்ன பிழை?"

இரண்டையும் ஒரே சுவரோடு வைத்து எதிரே இரு என்று சொன்னால் போதும். ஒரு வசனம். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"உப்புக்காத்து மச்சான். உள்ளுக்கை காகிதம் இளகிப்போச்சு. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

நம்பினான். நான் சொன்னால் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு வருசம் அவன் உள்ளே இருந்து ஒரு பாதியைக் கேட்டான். நான் கடைக்குப் போகும்போது சைக்கிளை மெதுவாக்கி றோட்டில் மற்றப் பாதியைக் கேட்டேன். நடுவில் அந்த வீட்டுச் சுவர் நின்றது.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் நின்றது. பிறகு எல்லோரும் தீவை விட்டு ஓடினோம். பெட்டிகளை யார் தூக்கி வருவது? யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் ஒருநாள் மச்சானைக் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"திறம் சாமான் அண்ணை. உப்புக்காத்துத்தான் திண்டுபோட்டுது. வேணுமெண்டா இவனைக் கேளுங்கோ, இவன்தான் சோதிச்சவன்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார்.

ஓம் என்றேன்.